முற்றத்துக் கோரை

முற்றத்தில் புல் பறிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவர் வானொலி நிலையம் வரையில் வரவேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்று, அசோகரைப் பற்றியும் அக்பரைப் பற்றியும் பேசிய வரலாற்று ஆசிரியன் நான். அத்தகையவன் இன்று கோரையைப் பற்றிப் பேச முற்பட்டால் என் பழைய மாணவர்களுள் சிலர் நகைப்பார்கள். அவர்கள் நகைப்பதில் எனக்கு வருத்தமில்லை. கோரை எனக்குக் கற்பித்த பாடத்தை, நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எவரும் கற்பிக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில், செம்மண் நிலம் சூழ்ந்த ஒரு சிற்றூரில் என் வீடு இருக்கிறது. முன்புறத்தில் இரண்டு வேம்பு. ஓரத்தில் ஒரு முருங்கை. கிணற்றடியில் செம்பருத்தியும் இரண்டு தென்னையும். சுற்றுச்சுவருக்குள் எல்லாம் சேர்த்துப் பத்துச் சென்ட் நிலம் இருக்கலாம். பணியிலிருந்த காலத்தில் அந்த முற்றத்தை நான் ஒரு வழியாக மட்டுமே அறிந்திருந்தேன். வாசற்படியிலிருந்து தெருக்கதவு வரையில் நடந்து செல்லும் வழி. காலையில் நான் வெளியே வரும்போது முற்றம் பெருக்கி நீர் தெளித்திருக்கும். யார் பெருக்கினார்கள், எப்போது பெருக்கினார்கள் என்று நான் கேட்டதில்லை. என் துணைவியார்தாம் அதைச் செய்துவந்தார். 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அவ்வாண்டே அவருக்கு முழங்கால் வலி வந்தது. எனக்கோ, உடலுக்கு உழைப்பு வேண்டும் என்று மருத்துவர் கட்டளையிட்டார். இவ்விரண்டு காரணங்களால் வாரியல் என் கைக்கு வந்தது. வாரியல் என்றால் வடமாவட்டங்களில் உள்ளவர்களுக்கு விளங்காமற் போகலாம். நீங்கள் விளக்குமாறு என்பதைத்தான் நாங்கள் வாரியல் என்கிறோம். தென்னை ஈர்க்கினால் கட்டியது.

முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னே பெருக்கி முடித்துவிட வேண்டும் என்று விடியுமுன் எழுந்திருப்பேன். அதுவும் ஒரு நன்மையாக முடிந்தது. அந்த இருட்டில், வாரியல் மண்ணைத் தொடும் ஓசையைத் தவிர வேறோர் ஓசையும் இராது. அப்போதுதான் எனக்கு ஜெபம் வந்தது. வந்தது என்றே சொல்கிறேன். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. பள்ளியின் காலைக் கூட்டத்திலே நான் செய்துவந்த ஜெபம் நீளமானது, சொல்லடுக்கு உடையது, அறுநூறு பிள்ளைகள் கேட்கிறார்கள் என்ற நினைவோடு செய்யப்பட்டது. முற்றத்து ஜெபத்துக்குச் சொல்லே இல்லை. ஒரு வீச்சுக்கு ஒரு பெயர். மகள், மருமகன், அடுத்த வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மையார், தேர்வு எழுதப்போகும் பையன். பெயரைச் சொல்வேன், வாரியலை ஒருமுறை வீசுவேன், அவ்வளவுதான். முற்றம் முடியும்போது ஊரில் பாதி முடிந்திருக்கும்.

ஆனால் முற்றம் முடிவதேயில்லை. பங்குனி மாதத்தில் வேம்பு இலையை உதிர்க்கத் தொடங்கினால், கிழக்குப் பக்கம் பெருக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மேற்குப் பக்கம் மஞ்சளாகிவிடும். இலை ஓய்ந்தால் பூ. பூ ஓய்ந்தால் பழம். பழம் வந்தால் காகம். தொடக்கத்தில் எனக்குச் சினம் உண்டாயிற்று. பிறகுதான் ஒன்று விளங்கிற்று. விவிலியத்தின் முதல் ஏட்டில், ஆதி மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று சொல்லியிருக்கிறது. அவன் பிழை செய்ததற்கு முன்னே கொடுக்கப்பட்ட வேலை அது. முள்ளும் குருக்கும் வந்தது பிழைக்குப் பிறகு. ஆகவே தோட்ட வேலையைத் தண்டனை என்று எண்ணுவதற்கு இடமில்லை. அது அவனுக்கு அளிக்கப்பட்ட மதிப்பு. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி, தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கிலே, மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலப் பேணவேண்டும் என்று விதித்திருக்கிறார். இதை வரலாற்றுப் பாடத்தில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, என் வீட்டு மண்வெட்டி மழையில் நனைந்து துருப்பிடிப்பதைப் பார்த்தும் பாராதவனாக உள்ளே போயிருக்கிறேன்.

வில்லியம் கேரியை நீங்கள் மொழிபெயர்ப்பாளராக அறிந்திருப்பீர்கள். வங்கத்திலே செராம்பூரில் இருந்துகொண்டு, இந்திய மொழிகள் பலவற்றில் விவிலியத்தை வெளியிட்டவர். இளமையில் செருப்புத் தைத்தவர். அவர் பெரிய தோட்டக்காரரும் ஆவார். 1820-ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கியவர் அவரே. அருமையாக வளர்த்த அவருடைய தோட்டத்தை 1823-இல் வந்த வெள்ளம் அழித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 62. மறுபடியும் நடத் தொடங்கினார். அறுபதைக் கடந்த எனக்கு, அவர் மொழிபெயர்த்த நூல்களைவிட அந்த மறு நடவுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அறிஞர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள்; போகட்டும்.

இனிக் கோரைக்கு வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் பக்கத்தில் மழை பெய்யும். மழை பெய்த நான்காம் நாள் முற்றத்தில் பச்சை ஊசிகள் போல் ஏதோ எழும். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். பத்து நாளில் அது முற்றமெங்கும் பரவிவிடும். தண்டைத் தொட்டுப் பார்த்தால் மூன்று பட்டை, அதுதான் கோரை. முதல் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டார் வருகிறார்கள் என்று, மண்வெட்டியால் முற்றம் முழுவதையும் செதுக்கினேன். இரண்டு நாள் வேலை. செதுக்கிய பிறகு முற்றம் புதிதாய் மெழுகிய தரைபோல இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். புத்தாண்டு பிறப்பதற்குள் பழையபடி பச்சை ஊசிகள் தலைகாட்டின. முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது மூன்று. மறுபடியும் செதுக்கினேன். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நானும் கோரையும் போராடினோம். வெற்றி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் காலையில் நான் செதுக்கிக்கொண்டிருக்கும்போது, தெருவில் போன முதியவர் ஒருவர் சுவருக்கு அப்பால் நின்றார். "ஐயா, இதை வெட்டக் கூடாது ஐயா, வெட்ட வெட்டப் பெருகும்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கையிலிருந்த மண்வெட்டி தளர்ந்தது.

அவர் யார் என்பதைச் சொல்வதற்கு 1997-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியன். வயது முப்பத்தேழு. இளம் வயதில் அப்பதவி கிடைத்ததனால், ஒழுங்கைக் காப்பதிலே சற்று மிகுதியான ஆர்வம் எனக்கு இருந்தது. அப்பள்ளியில் தோட்டக்காரராகவும் காவலராகவும் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் என் அறையைத் திறந்து வைப்பவரும் அவரே. சாவிக் கொத்து அவரிடம்தான் இருக்கும். ஒருநாள் என் மேசையறையில் வைத்திருந்த உறை ஒன்று காணாமற் போயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருடைய தேர்வுக் கட்டணம், 960 ரூபாய். எங்கும் தேடினேன். கிடைக்கவில்லை. என் கைப்பணத்தைப் போட்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலைக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும், அந்தத் தோட்டக்காரரை முன்னே வரச் சொன்னேன். குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. பெயரிட்டு ஒன்றும் பேசவில்லை. "சாவியைக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அறுநூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பழைய வருகைப் பதிவேடு ஒன்றைப் புரட்டும்போது அந்த உறை உள்ளே இருந்தது. நானே வைத்தது. என் கையெழுத்து அதன்மேல் இருந்தது. எழுத்தர் பக்கத்தில் நின்றார். "ஆ, இங்கேயா இருக்கிறது!" என்று சிரித்தேன், அவரும் சிரித்தார். பணத்தை என் பையில் போட்டுக்கொண்டேன். கணக்கு நேராயிற்று. தோட்டக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்ற கேள்வி எழும். எழுந்தால் விடை சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. அவர் என் அறைக்கு வெளியே நின்று, நான் வந்து கதவைத் திறக்கும் வரை காத்திருந்து, பிறகு உள்ளே வந்து பெருக்கிவிட்டுப் போவார். தம் காலம் முடிந்து ஓய்வு பெறும் வரையில் அப்படியே நடந்தது.

மாணவ நண்பர்களே, நீங்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆகவே இதைச் சற்று விளக்கவேண்டும். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950-இல் அத்திருச்சபைக்கென்று வகுக்கப்பட்ட திருவிருந்து வழிபாட்டிலே, 'சமாதானம்' வழங்குதல் என்ற ஒரு பகுதி இருக்கிறது. பீடத்தருகே நிற்கும் குருவானவர் தமக்கு அடுத்தவருடைய கைகளைத் தம் கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. இவ்வாறு பீடத்திலிருந்து புறப்பட்ட சமாதானம் வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசிப் பாய் வரையில் வரும். எவரும் அதைத் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்திலிருப்பவர் கையிலிருந்துதான் பெறவேண்டும். அந்தத் தோட்டக்காரரும் நானும் ஒரே ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். அவர் ஆடவர் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் உட்காருவது வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அவருடைய வரிசைக்கு வராத ஓர் இடமாகப் பார்த்து நான் உட்கார்ந்துவந்தேன். என் துணைவியார்கூட அறியாத இரகசியம் இது. தலைமையாசிரியர் தூண் ஓரத்தை விரும்புகிறவர் என்று ஊரார் நினைத்தார்கள்.

அந்தப் பெரியவர்தாம் சுவருக்கு அப்பால் நின்றார்.

உள்ளே வரச் சொன்னேன். வந்தார். என் மண்வெட்டியை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு, "களைக்கொத்து இருக்கிறதா?" என்று கேட்டார். கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து ஒரு கோரையின் பக்கத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைக் கிளறினார். வெளியே தெரிந்த புல்லின் கீழே, கறுப்பாகச் சிறு நெல்லிக்காயினும் சிறிய ஒரு கிழங்கு. அதிலிருந்து கம்பிபோல ஒரு வேர். அதன் முனையில் இன்னொரு கிழங்கு. அதிலிருந்து மற்றொரு வேர். செபமாலை போல ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டேயிருந்தது. பிறகு நான் நூல்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோரையின் உயிர் புல்லிலே இல்லை. இந்தக் கிழங்குக் கோவையிலே இருக்கிறது. கோவை அறுபடாமல் இருக்கும்வரை ஒரு கிழங்கின் முளை மற்றவற்றை அடக்கிவைக்கும். மண்வெட்டி அதை இடையில் அறுத்துவிட்டால், உறங்கிக்கிடந்த ஒவ்வொன்றும் தனித்தனியே முளைத்து எழும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் செய்த இரண்டு நாள் வேலை அதுதான். கோரையை நான் அழிக்கவில்லை, பயிரிட்டேன்.

"இதைப் புதைக்கவும் கூடாது, குப்பையில் கொட்டவும் கூடாது. வெயிலில் போடவேண்டும். வெளிச்சமும் சூடும் பட்டால் தானே வற்றிச் செத்துப்போகும். மண்ணுக்குள் இருக்கிற வரைக்கும் இதை ஒன்றும் செய்ய முடியாது" என்றார். கோடை உழவு செய்யும் உழவர் அனைவருக்கும் தெரிந்த செய்தி இது. உழுத புழுதியை நன்றாகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டியதில்லை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். அதை நான் நடத்தியுமிருக்கிறேன். நடத்தும்போது வெயிலைப் பற்றி நினைத்ததில்லை.

சுளகு ஒன்றை எடுத்துவந்து அவர் பக்கத்தில் நானும் குந்தினேன். அவர் கிளறக் கிளற நான் பொறுக்கினேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. இயேசு பெருமான் சொன்ன உவமை ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. கோதுமை வயலில் களை முளைத்துவிட்டது. பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுவடை மட்டும் இருக்கட்டும் என்று தலைவர் தடுக்கிறார். பாலஸ்தீன நாட்டில் வளரும் அந்தக் களை, கதிர் வாங்கும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் என்பார்கள். அவ்வயல் இன்னதென்று அவரே விளக்கியிருக்கிறார், அது உலகம். உலகமாகிய வயலில் யார் கோதுமை, யார் களை என்று பிரிக்கும் அதிகாரம் வேலைக்காரனுக்கு இல்லை. நான் என் பள்ளியிலே கையை நீட்டிப் பிடுங்கினேன். பிடுங்கியது கோதுமையை. என் முற்றத்தை மட்டும் செதுக்கி வைத்துக்கொண்டேன்.

"பெரியவரே, அந்தத் தேர்வுப் பணம்..." என்று தொடங்கினேன். மேலே சொல்ல நா எழவில்லை. அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "பதிவேட்டில் இருந்ததைச் சொல்கிறீர்களா? எழுத்தர் ஐயா அந்த வாரமே சொல்லிவிட்டார்" என்றார்.

அந்த வாரமே! நான் இருபத்து மூன்று ஆண்டுகளாக மண்ணுக்குள் வைத்துக் காத்தது, அவருக்கு அந்த வாரமே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அவர் ஒவ்வொரு காலையும் என் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"நீங்கள் சொல்வீர்கள் என்று கொஞ்ச நாள் பார்த்தேன், ஐயா. பிறகு விட்டுவிட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொற்களால் கேட்டேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இலக்கணப் பிழையில்லாமல் அறுநூறு பேருக்கு ஜெபம் செய்தவன், அன்று இரண்டு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கவில்லை. அவர் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னிடம் கேட்டது போதும். அன்றைக்கு என் மகள் எட்டாம் வகுப்பு. முன் வரிசையில்தான் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும்" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்தோம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதிலிருந்து கம்பி ஓடி இன்னொரு கிழங்குக்குப் போகிறது. அந்தப் பெண் இப்போது வெளியூரில் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறார். என் முகத்தில் விழிக்க அவர் விரும்புவாரா என்பதே ஐயமாக இருந்தது. கடிதம் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் என் சூழ்நிலையைப் பற்றியே மிகுதியாக எழுதியிருந்தேன். இளம் வயது, பொறுப்பு, மேலிடத்தின் நெருக்கடி என்று. மாணவர்கள் கட்டுரையில் இத்தகைய பத்திகளை நான் சிவப்பு மையால் அடிப்பது வழக்கம். ஐந்தாம் கடிதம் அரைப்பக்கம். உறை எங்கே இருந்தது, யார் வைத்தது, எப்போது கிடைத்தது, ஏன் சொல்லவில்லை; இவ்வளவுதான் அதில் இருந்தது. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்று கடைசியில் எழுதினேன்.

ஒரு மாதம் வரையில் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் பேசினார். அதிகம் பேசவில்லை. அந்த நாளுக்குப் பிறகு பள்ளிக்கு வரும்போதெல்லாம் தன்னுடைய பையைப் பிள்ளைகள் திறந்து பார்த்து விளையாடுவார்கள் என்று சொன்னார். "அது உங்களுக்குத் தெரியாது, சார்" என்றார். தெரியாது என்பது உண்மைதான். பொறுத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

அன்று பொறுக்கிய கிழங்குகளை மொட்டை மாடியில் பரப்பி வைத்தோம். இரண்டு வாரத்தில் அவை சுருங்கி, விரலால் நசுக்கினால் தூளாகும் நிலைக்கு வந்துவிட்டன. நல்ல மணம் வீசிற்று. நாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்குக் கொடுக்கும் முத்தக்காசு இந்தக் கிழங்கேதான். குளியல் பொடியிலும் சேர்ப்பார்கள். மண்ணுக்குள் இருந்தபோது முற்றத்தைக் கெடுத்த பொருள் காய்ந்த பின் மருந்தாகிறது. என் துணைவியார் ஒரு போத்தலில் எடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, நான் தூண் ஓரத்துக்குப் போகவில்லை. மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சமாதானம் வந்தது. அவருடைய கைகள் காய்த்துப்போனவை. நகக்கண்ணில் செம்மண் இருந்தது. அன்று காலை என் நகக்கண்ணிலும் இருந்தது.

கோரை இன்னும் போய்விடவில்லை. சுற்றுச்சுவரின் அடியிலும் கிணற்றுத் துவைகல்லின் இடுக்கிலும் மழைக்குப் பிறகு எழுந்துவிடுகிறது. பெரியவர் இப்போது அதிகம் நடப்பதில்லை. நான் களைக்கொத்தோடு போய் ஒவ்வொன்றாய்க் கிளறுகிறேன். சென்ற வாரம் துவைகல்லின் பக்கத்தில் ஒரு கோவை அகப்பட்டது. ஏழு கிழங்குகள் எண்ணினேன். எட்டாவது கல்லுக்கு அடியில் போய்விட்டது. கல்லைப் புரட்ட ஓர் ஆள் துணை வேண்டும். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.